பண்டிகை விருந்தில் உப்பைக் குறைக்க நான்கு வழிகள்: இதய நோயாளி உள்ள வீட்டுக்கு எது சரிவரும்?

வீட்டில் ஒருவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பண்டிகை நாளன்று எட்டுப் பேர் சாப்பிட உட்காருவார்கள். சமைப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அவருக்கு மட்டும் தனியாகச் சமைக்கலாம். எல்லோருக்குமே பாதி உப்பில் சமைக்கலாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வாங்கிப் போடலாம். இல்லையென்றால், அடுப்பில் இருக்கும்போது உப்பே சேர்க்காமல், பரிமாறும் நேரத்தில் அளந்து தூவலாம்.

நான்கிலும் நல்லது உண்டு. ஆனால் ஏதாவது ஒன்றை மட்டும் எல்லாப் பதார்த்தத்துக்கும் பிடித்துக்கொண்டால், ஒன்று ருசி போகும் அல்லது கணக்கு தவறும். எங்கள் பரிந்துரை நான்காவது வழியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ரொட்டிக்கும் குழம்பு வகைகளுக்கும் மட்டும் மற்ற வழிகளிலிருந்து கடன் வாங்குவது. ஏன் என்பதைக் கணக்கிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

ஒரு வேளைக்கு எவ்வளவு?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழே, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அமெரிக்க இதய சங்கம் 2300 மில்லிகிராமை உச்சமாக வைத்து, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உட்படப் பெரும்பாலான பெரியவர்களுக்கு 1500தான் சிறந்த இலக்கு என்கிறது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்குக்காக 1500ஐ எடுத்துக்கொள்கிறோம்.

அதில் காலைக்கு 350, இரவுக்கு 450 ஒதுக்கினால் மதிய விருந்துக்கு 700 மில்லிகிராம் கிடைக்கும். உப்பின் எடையில் சுமார் 40 சதவீதம் சோடியம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடியுப்பு 6 கிராம். அதில் 2300 மில்லிகிராம் சோடியம். கல்லுப்பை அதே கரண்டியில் அள்ளினால் இடைவெளி விழுவதால் எடை குறையும், கணக்கும் மாறிவிடும். ஆகவே 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று இந்த நாளுக்கு மிக உதவியான பொருள். இளஞ்சிவப்பு உப்பு, கடல் உப்பு எதுவானாலும் எடைக்கு எடை சோடியம் ஏறக்குறைய ஒன்றேதான். நிறத்தை நம்பி அதிகம் போடக் கூடாது.

இப்போது, உப்பே சேர்க்காமல் சமைத்தால் ஒரு தட்டில் எவ்வளவு சோடியம் இருக்கும்? வெந்த கோழி 150 கிராமில் 120 அளவில். உருளைக்கிழங்கு 200 கிராமில் 15. கேரட், பீன்ஸ் கலந்த காய்கறி 150 கிராமில் 50. வேகவைத்த பருப்பில் 5 வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே உப்பைக் குறைத்துச் சுட்ட ரொட்டித் துண்டு ஒன்றில் 125. உப்பில்லாத கிரேவியில் 25, முட்டையும் பழமும் சேர்ந்த இனிப்பில் 40. மொத்தம் 380. மீதி 320 மில்லிகிராம். அதை உப்பாக மாற்றினால் 0.8 கிராம், ஏறத்தாழ அரைக்கால் டீஸ்பூன்.

நோயாளியின் தட்டுக்கு நம் கையில் இருப்பது அந்த அரைக்கால் டீஸ்பூன்தான். அதை எந்த வழி நாக்குக்கு அதிகம் உணர்த்துகிறது என்பதை வைத்துத்தான் நான்கையும் எடைபோட வேண்டும்.

தனிச் சமையல்

கணக்கு மிகத் துல்லியமாக நிற்பது இதில்தான். சிறுநீரகப் பிரச்சினையும் சேர்ந்து இருந்து, பொட்டாசியம், புரதம் ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு என்றால் வேறு வழியே இல்லை. தனியாகத்தான் சமைக்க வேண்டும். விருந்துச் சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது என்றாலும் அப்படியே.

மற்றபடி இதைப் பரிந்துரைக்க மாட்டோம். பண்டிகை நாளில் ஒருவர் தட்டில் மட்டும் பத்தியச் சாப்பாடு என்பது மனத்துக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் கெடுதல். தன் தட்டு சப்பென்று இருந்தால் அவர் மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ருசி பார்ப்பார். நான்கைந்து கரண்டியில் ஒதுக்கீடு முழுவதும் கரைந்துவிடும். அது அவர் குற்றமில்லை. சமையல் ரீதியாகவும் இடைஞ்சல் உண்டு: ஒரு ஆளுக்கான அளவு பெரிய பாத்திரத்தில் சீக்கிரம் வற்றி அடிப்பிடிக்கும், எட்டுப் பேர் சமையலுக்கு நடுவே அதைக் கவனிக்க ஆளிருக்காது, ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்திலும் போய்வரும்.

எல்லோருக்கும் பாதி உப்பு

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எதில் பாதி? பெரும்பாலான வீடுகளில் உப்பு கைக்கணக்கில்தான் விழுகிறது. அளக்காத ஒன்றின் பாதியும் அளக்காததுதான். இன்னொன்று, சூப்பிலும் கிரேவியிலும் கரைக்கும் ஸ்டாக் கட்டி ஒன்றில் மட்டும் 1000 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கலாம். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் 900 அளவில் இருக்கும். உப்புச் சாடியிலிருந்து பாதியாக்கிவிட்டு இவற்றை வழக்கம்போல் சேர்த்தால், குறைத்ததெல்லாம் வீண்.

குழம்பு, சூப் மாதிரி நீர்த்தவற்றில் பாதி உப்பு இரண்டும் கெட்டான். நோயாளிக்கு இன்னும் அதிகம், விருந்தாளிக்குப் போதாது. உப்பைக் குறைத்த சாப்பாட்டுக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். அன்று மட்டும் வருகிறவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர்கள் மேசையில் இருக்கும் உப்பை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், போடட்டும்.

இந்த வழி உண்மையிலேயே சரிவருவது மாவு விஷயத்தில். ரொட்டிக்கு வழக்கமாக மாவின் எடையில் 2 சதவீதம் உப்பு. 500 கிராம் மாவுக்கு 10 கிராம். அந்த ரொட்டியை 16 துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு 245 மில்லிகிராம் சோடியம். 5 கிராமாகக் குறைத்தால் துண்டுக்கு 125க்குள் வந்துவிடும், ருசியில் பெரிய குறை தெரியாது. முழுக்க விட்டுவிடாதீர்கள். ஈஸ்டின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது உப்பு. அது இல்லாவிட்டால் மாவு ஒட்டும், அதிகமாகப் பொங்கி அடுப்பில் அமுங்கும். பாதி உப்பிலும் பொங்கும் வேகம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: விரலால் அழுத்திய பள்ளம் மெதுவாகப் பாதி நிரம்பினால் அடுப்பில் வைக்கலாம்.

மாற்று உப்பு

இதற்குப் பின்னால் வலுவான ஆராய்ச்சி இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டு உப்புக்குப் பதிலாக இத்தகைய உப்பை நிபந்தனையுடன் பரிந்துரைத்தது.

அந்த நிபந்தனைதான் நமக்கு முக்கியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதில் சிக்கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. இதய நோயாளிகள் பலர் சாப்பிடும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அதன்மேல் மாற்று உப்பும் சேர்ந்தால் பொட்டாசியம் எல்லை மீறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆக, யாருக்காக உப்பைக் குறைக்கிறோமோ அவருக்கே இது ஆகாமல் போக வாய்ப்பு உண்டு. அவருடைய மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பு வீட்டுக்குள் வர வேண்டாம். வரும் விருந்தாளிகளில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதனால் பொதுப் பாத்திரத்தில் இதைப் போடுவதை நாங்கள் ஏற்கவே மாட்டோம்.

மருத்துவர் சம்மதித்தாலும் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். 25 சதவீதக் கலவை சோடியத்தைக் கால்பங்கு மட்டுமே குறைக்கும். ஒரு டீஸ்பூனில் இன்னும் 1700க்கு மேல் இருக்கிறது. பொட்டாசியம் கூடக் கூடக் கசப்பும் உலோக வாடையும் தெரியும். புளிப்பும் மிளகும் உள்ள பதார்த்தத்தில் அது மறைந்துவிடும். பாலோ உருளைக்கிழங்கோ முதன்மையானால் துருத்திக்கொண்டு நிற்கும்.

அடுப்பில் இல்லை, தட்டில்

நான்காவது வழியின் பலம் எளிமையானது. உணவுக்குள் ஊறிப்போன உப்பில் பெரும்பகுதி நாக்கைத் தொடாமலே வயிற்றுக்குள் போகிறது. மேலே தூவிய உப்பு நாக்கில் நேராகப் பட்டு உடனே கரைகிறது. அதே அரை கிராம், இரண்டு விதமாக உணரப்படும். சமைத்த பாத்திரம் எல்லோருக்கும் ஒன்றே. வித்தியாசம் தூவும் கையில்தான். நோயாளிக்கு அவருடைய 0.8 கிராமைக் காலையிலேயே எடைபோட்டு ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். எதில் தூவுவது என்பது அவர் விருப்பம். அந்தக் கிண்ணம் காலியானால் அன்றைய விருந்தின் உப்பு முடிந்தது. மற்றவர்களுக்கு வழக்கமான உப்புச் சாடி.

கோழியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பலரும் வழுக்குவது இங்கேதான். இறைச்சி எடையில் 1 சதவீத உப்பை முதல்நாளே தடவி ஊறவைப்பது சமையல்காரர்கள் வழக்கம். 150 கிராம் பங்குக்கு அது 1.5 கிராம் உப்பு, 590 மில்லிகிராம் சோடியம். விருந்து ஒதுக்கீட்டில் பெரும்பகுதி அந்த ஒரு துண்டிலேயே போய்விடும். வாங்கும்போதே உப்புநீர் ஏற்றிய கோழியும் இருக்கிறது. உறையில் 'உப்புக் கரைசல் சேர்த்தது' என்ற வரி இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அதை வீட்டில் கழுவினாலும் போகாது.

உப்பு இல்லாமல் சாறு வற்றாதிருக்க வெட்டும் வெப்பமும்தான் வழி. 2 கிலோ கோழியின் முதுகெலும்பைக் கத்தரித்து எடுத்து, நெஞ்செலும்பை அழுத்தித் தட்டையாக்குங்கள். இப்படிச் செய்தால் தொடையும் நெஞ்சும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேகும்; முழுதாக வைத்தால் தொடை வேகும்வரை காத்திருந்து நெஞ்சுப் பகுதி சக்கையாகிவிடும். மூடாமல் ஒரு இரவு குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் தோல் உலர்ந்து நன்றாகச் சிவக்கும். ஆறு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் பொடித்த மிளகு, ஒரு எலுமிச்சையின் துருவிய தோல், இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஆகியவற்றை அரைத்துக்கொள்ளுங்கள். இதைத் தோலுக்கு மேலே அல்ல, தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டுப் பரப்ப வேண்டும். கொழுப்பைக் குறைக்க நோயாளி தோலை உரித்துவிட்டுத்தான் சாப்பிடப்போகிறார்; மேலே தடவினால் மசாலா முழுவதும் தோலோடு குப்பைக்குப் போகும், அவருக்கு வெறும் வெந்த சதைதான் மிஞ்சும். 220 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம். நெஞ்சின் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்டியதும் வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டு, விரல் தடிமனுக்குக் குறுக்கே நறுக்கி, வெட்டுமுகத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, அதன்மேல் அவரவர் உப்பு. வெட்டுமுகம்தான் நாக்கில் படுவது.

உருளைக்கிழங்கில் மசியலா வறுவலா என்றால் வறுவலே. மசியல் முழுவதும் ஒரே சீராக இருப்பதால் உப்பை உள்ளே கலந்தால்தான் ருசிக்கும். வறுத்த துண்டுக்கு முறுகிய ஓரம் இருக்கிறது. அந்த முறுகலே பாதி ருசி, மீதிக்கு மேலே ஒரு தூவல் போதும். முறுகலுக்காக வேகும் நீரில் சமையல் சோடா போடும் பழக்கம் உண்டு. ஒரு டீஸ்பூனில் 1260 மில்லிகிராம் சோடியம். நீரோடு பெரும்பகுதி போய்விடும் என்றாலும், இன்று வேண்டாம்.

குழம்பும் பருப்பும்: பிரித்து எடுப்பது

நீர்த்த பதார்த்தத்தில் மேலே தூவுவது எடுபடாது, உடனே கரைந்து கலந்துவிடும். அதனால் பருப்பு, சூப், கிரேவி மூன்றுக்கும் உப்பில்லாமல் சமைத்து, நோயாளியின் பங்கை முதலில் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு, பிறகு மிச்சத்துக்கு உப்பு. பங்கை எடுத்ததும் கிண்ணத்தை மூடி வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். அவசரத்தில் அதிலும் உப்பு விழுவது சாதாரணமாக நடக்கும். பருப்பு உப்பில்லாமலேயே நன்றாக வேகும். தக்காளி, புளி, எலுமிச்சை மட்டும் வெந்து குழைந்த பிறகே சேர வேண்டும், முன்னால் போட்டால் புளிப்பில் பருப்பு இறுகி வேக மறுக்கும். டப்பாவில் வரும் வெந்த பயறு என்றால் நீரை வடித்து, குழாயில் நன்றாக அலசினால் சோடியத்தில் சுமார் 40 சதவீதம் போகும்.

கிரேவிக்குத்தான் உப்பில்லாத குறை அதிகம் தெரியும், அதனால் அதற்குக் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 10 கிராம் உலர்காளானை 250 மில்லி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நீரை வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், காளானைப் பொடியாக நறுக்குங்கள். பெரிய வெங்காயம் ஒன்றை ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சிறுதீயில் 25 நிமிடம் வதக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடியாகும், அங்கே நிறுத்திவிடக் கூடாது. அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கும்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டி, மறுபடி ஒட்டவிட்டு, மறுபடி சுரண்டி, தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பாகும்வரை தொடர வேண்டும். உப்பில்லாத தக்காளி விழுது ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்துச் செங்கல் நிறம் வரட்டும். 20 கிராம் கோதுமை மாவைத் தூவி இரண்டு நிமிடம் பிரட்டி, காளானும் அதன் நீரும், கோழி எலும்பை உப்பில்லாமல் கொதிக்கவைத்து எடுத்த சாறு 500 மில்லியும் ஊற்றி, மூன்றில் இரண்டு பங்காக வற்றவிடுங்கள். இறக்கியதும் ஒரு டீஸ்பூன் வினிகர். காளானிலும் தக்காளியிலும் இயற்கையாக உள்ள குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் உப்பின் வேலையில் ஒரு பங்கைச் செய்யும். கடைசிப் புளிப்பு மீதியை இழுத்து மேலே கொண்டுவரும்.

வற்றவைக்கும் எதிலும் உப்பை முதலில் போடாதீர்கள். பாதியாக வற்றினால் உப்பு இருமடங்காகும். அப்படிக் கரித்துப்போனதில் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். கிழங்கு உறிஞ்சுவது உப்புநீரை, உப்பை மட்டுமல்ல. மிஞ்சும் குழம்பு அதே அளவு கரிக்கும். உப்பில்லாத சாறு ஊற்றி நீர்க்கவைப்பது ஒன்றே பரிகாரம்.

கண்ணில் படாத உப்பு

சாப்பாட்டைவிட அதற்கு முன் கொறிப்பது கவிழ்த்துவிடும். 30 கிராம் செடார் சீஸில் 190 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சியும் ஊறுகாயும் அதற்கு மேல். உப்பிடாத வறுத்த பருப்புகளும் வெட்டிய பழமும் வைத்தால் இந்தக் கவலை இல்லை. பூண்டு உப்பு, வெங்காய உப்பு, கலவை மசாலா ஆகியவற்றில் முதல் பொருளே உப்பாக இருப்பதுண்டு. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். லேபிளில் சோடியம் என்று போடாமல் உப்பு என்று கிராமில் இருந்தால் 400ஆல் பெருக்கினால் சோடியம் மில்லிகிராமில் கிடைக்கும். 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் இல்லையென்றால் அது குறைந்த சோடியம் என்பது சர்வதேச உணவுத் தர விதி. 'சோடியம் குறைக்கப்பட்டது' என்பது வேறு: பழையதைவிடக் குறைவு என்று மட்டுமே பொருள். அப்படிக் குறைத்த சோயா சாஸிலும் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 500க்கு மேல் இருக்கும்.

இனிப்பில் உப்பு இல்லை என்று நினைப்போம். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூனில் 400 முதல் 500 மில்லிகிராம் சோடியம் உண்டு. இரண்டு டீஸ்பூன் போட்ட கேக்கை எட்டாக வெட்டினால் துண்டுக்கு 100க்கு மேல். முட்டையை நுரைத்து எழுப்பும் கேக்குக்கு அது தேவையே இல்லை. நான்கு முட்டையில் மொத்தம் 280 அளவில், துண்டுக்கு 35. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்தால் நிறைகொழுப்பும் குறையும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர் என்றால் மறுநாள் காலை, சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரே இரவில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தாலோ, கால் வீங்கியிருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.